கீரமங்கலத்துச் சுவரில் என் கண்ணீர் அஞ்சலி

ஹலோ... ஹலோ, சேரா... கத்தாதடா... டேய், கத்தாத. நான்தான். ... சந்தோஷ்தான் பேசுறேன், என் நம்பர்லேருந்து வேற எவன் பேசுவான்? ... ஆமா. ... ஆமா, ஆமா. ... பேயும் இல்ல பிசாசும் இல்ல, புதுக்கோட்டையில காலேஜ்ல இருக்கேன். ... ஒண்ணும் ஆகல. ஆக்சிடெண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ... குரலா? மூக்குல பஞ்சு வச்சுருக்கேன், அதான் அப்படிக் கேக்குது. இரு, எடுத்துடுறேன். ... இப்பக் கேக்குதா? ... மாப்ள, அழுவாத. மூக்கச் சிந்திட்டு நான் சொல்றதக் கேளு.

எங்க நிக்கிற? ... பூ மார்க்கெட் வாசல்லயா? அங்கயும் ஒட்டிட்டாங்களா? ... ம். ... ம். ... கையில மாலையா? எனக்கா? ... சரி, வச்சுக்க. வாங்குனது வாங்கிட்ட. ... சுத்தி நிக்கிறவங்ககிட்ட சொல்லு, பையன் சாகல, லைன்ல இருக்கான்னு. ... ஸ்பீக்கர்ல போடாத. டேய், போடாத... யாரு? ... ஆங், வணக்கம் மாமா. ... ஆமா மாமா, நல்லா இருக்கேன். ... சாப்பிட்டேன் மாமா, இட்லி. ... இல்ல மாமா, யாரும் வெளையாடல, ஒரு தப்பு நடந்துபோச்சு. ... சரிங்க மாமா. ... சரிங்க. அவன்கிட்ட குடுங்க.

ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டியா? ... சேரா, எங்கம்மா வந்துருச்சா? ... நல்லாப் பாரு. எடை போடுற பக்கம் பாரு. ... இன்னும் வரலயா? ... நெசமா? ... சரி. சரி, கேளு. அது இருட்டோட மல்லிய பறிக்கப் போயிருக்கும். போன வீட்டுலயே வச்சுட்டுப் போயிரும், ஒனக்குத் தெரியும்ல. தோட்டத்துக்காரருக்கு அடிச்சுப் பாத்தேன், அவரும் எடுக்கல. பறிச்ச பூவ ஆட்டோவுல போட்டுக்கிட்டு நேரா நீ நிக்கிற வாசலுக்குத்தான் வரும். அது வர்றதுக்குள்ள போஸ்டரு பூராத்தையும் கிழிக்கணும். ... பூராத்தையும்டா. பஸ் ஸ்டாண்டு, எங்க தெரு முக்கு டிரான்ஸ்பார்மரு, எல்லாம். பசங்கள ஆளுக்கு ஒரு பக்கமா பத்தி விடு. நீ அந்த வாசல்ல இருக்கறதக் கிழி. ... வீட்டுக்கு ஆளுக போனாங்களா? ... பூட்டிக் கெடக்குன்னு திரும்பிட்டாங்களா? நல்லதாப் போச்சு. ஒல வாய மூடுனாலும் ஊரு வாய மூட முடியாது, தோட்டத்துப் பக்கம் எவனும் போறதுக்கு முந்தி கிழி.

... யாரு அடிச்சதா? நான்தான் அடிக்கச் சொன்னேன். ... டேய். ... டேய், முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. நாடகத்துக்குடா. காலேஜ் நாடகம். இன்னும் செத்த நேரத்துல எங்க ஆடிட்டோரியத்துல போடுறோம். அதுல நான் பொணம். ... பொணம்டா. செத்துப்போன தம்பி. மேடைக்கு நடுவுல படுத்திருப்பேன், அண்ணன்காரனுங்க ரெண்டு பேரும் யாரு கொள்ளி வைக்கிறதுன்னு அடிச்சுக்குவானுங்க, கொள்ளி வச்சவனுக்குத்தான் வயக்காடுன்னு. ... ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும். பின்னாடி செவுத்துல ஒட்டுறதுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும்னு லியோ அண்ணன் சொன்னாரு. ... எங்க சீனியரு. ஆவூர்க்காரரு, அவுக ஊருல ஈஸ்டருக்கு ஏசு பாடுபடுற கதைய பாஸ்கா நாடகம்னு போடுவாங்கல்ல, சின்னப் புள்ளையிலேருந்து அதுல நடிச்சவரு. எங்களுக்கு எல்லாம் சொல்லிக் குடுக்குறது அவருதான். யாருகிட்டயாச்சும் சாம்பிள் இருக்காடான்னு கேட்டாரு. எங்கிட்ட இருந்துச்சு. ... எங்கப்பாவோடதுதான். போன்லயே கெடந்துச்சு.

... தெரியல. ... குடுத்தேன். ... இல்லடா, ஒண்ணும் தோணல. ஆதார் ஜெராக்ஸ் கேட்டா எடுத்துக் குடுப்போம்ல, அந்த மாதிரி குடுத்தேன்.

அதே பிரஸ்ஸுக்குத்தான் அனுப்புனேன், நம்மூரு பிரஸ்ஸுக்கு. அப்பாவோட போஸ்டரையும் என் போட்டோவையும் அனுப்பிட்டு, அண்ணே, இதே மாதிரி வேணும், பேரு முத்தையான்னு போடுங்க, ஊரு பேர எடுத்துருங்க, நாடகத்துக்கு, பஸ்ஸுல போட்டு விடுங்கன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அந்த ரத்தினவேல் அண்ணன் மெசேஜக் கேக்கவே இல்ல. போட்டோவப் பாத்த ஒடனே ஒக்காந்து அழுதுருக்காரு, அதே வீட்டுல இன்னொண்ணான்னு. ... எப்படிடா கேப்பாரு? எழவு வீட்டுக்குப் போன் போட்டு, நெசமாத்தான் செத்தாரான்னு எவனாச்சும் கேப்பானா? ஒனக்குத் தெரியாததா, சாவு போஸ்டர யாரும் போயி வாங்கிட்டு வர்றதில்ல. அவங்களே அடிப்பாங்க, விடியறதுக்குள்ள அவங்களே ஒட்டிருவாங்க, காரியம் முடிஞ்ச பொறவு போயி கணக்குத் தீப்போம். பழகுன கை, ஒட்டிருச்சு. ... இப்பத்தான் பார்சல் எந்த பஸ்ஸுலன்னு கேட்டு போன் போட்டேன். எல்லாம் ஒட்டியாச்சு தம்பி, நீங்க அவருக்கு என்ன ஒறவுன்னு கேக்குறாரு.

... சிரிக்காத. ... சரி, சிரி.

கிழிக்க வரலயா? மைதாப் பசை, காஞ்சா அப்படித்தான் இருக்கும். டீக்கடையில ஒரு சொம்பு தண்ணி வாங்கி ஊத்து. ஊறட்டும். ஊறுனாத்தான் உரியும். ... ஊத்திட்டியா? ... மேலேருந்து உரி. மூஞ்சிய மொதல்ல கிழிச்சுரு. ... என்னடா? ... மூஞ்சியில கை வைக்க முடியலயா? ... அது பேப்பருடா. ... சேரா, அது நான் இல்ல, பேப்பரு. ... சரி, பேரு இருக்க எடத்துலேருந்து ஆரம்பி.

... நல்லாத்தான் இருக்கேன்டா. ... இல்ல, ஒங்கிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. பொணமா படுக்குறேன்னு ஊருல சொல்லவா முடியும்? அம்மாகிட்ட நாடகத்துல இருக்கேன்னு மட்டும் சொல்லிருக்கேன். ராசா வேசமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.

... புடிச்சுத்தான் சேந்தேன், அப்ப. மொத வருசம் மேத்ஸ் கிளாஸுக்குக் கட் அடிக்கலாம்னு ரிகர்சலுக்குப் போனேன். ஏட்டு வேசம் குடுத்தாங்க. ஒரே வசனம். ஐயா, ஆளு சிக்கிட்டான். அவ்வளவுதான். நான் ஜனங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, தெரைச்சீலையப் பாத்துச் சொல்லிட்டேன். மீச வேற பாதி வசனத்துல கழண்டு வாயில விழுந்துருச்சு. முழுங்காம துப்புனேன். ஆடிட்டோரியமே சிரிச்சுச்சு. ... ஆமா, அதான். ஒனக்குச் சொன்னேன்ல. அன்னைக்கு அப்பாவுக்கு மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இருமி இருமிச் சிரிச்சாரு. அடுத்த தடவை யாரையாச்சும் வீடியோ எடுக்கச் சொல்லுடா, ரூமுல எல்லாருக்கும் காட்டணும்னாரு.

... ம்.

... பொறவு என்ன, மஸ்கட்லேருந்து அவரு பொட்டி வந்துச்சு. மொட்டையோட காலேஜுக்கு வந்தேன். இந்த நாடகத்துல மொதல்ல எனக்கு எளைய அண்ணன் வேசம். நெறைய வசனம். எல்லாம் மனப்பாடம். சொன்னேன், ஒண்ணும் ஏறல. ரேசன் கடையில நம்பரு கூப்புடுற மாதிரி இருக்குடான்னாரு லியோ அண்ணன். கோவப்படுன்னாரு, கோவம் வரல. சிரின்னாரு, பல்லு தெரிஞ்சுச்சு, சிரிப்பு வரல. கடைசியில, நீ படுத்துக்கடான்னுட்டாரு. படுத்தேன். அது நல்லா வந்துருச்சு. ... நெசமாத்தான். ஒன்ன மாதிரி ஒரு பொணத்த நான் பாத்ததே இல்லடான்னாரு. ஈ மூஞ்சியில ஒக்காந்தாலும் அசைய மாட்டேன். சோபியான்னு ஒரு புள்ள, என் கிளாஸு, அதுதான் எனக்கு அம்மாவா நடிக்குது. நெஞ்சுல அடிச்சுக்கிட்டு எந்திரிப்பா, எந்திரிப்பான்னு கத்தும். பாக்குறவன் எல்லாம் கண்ணத் தொடைப்பான். எனக்கு ஒண்ணும் இல்ல. காத்தாடி சுத்துறதப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்க மாதிரி இருக்கும். யாரும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அழுன்னு சொல்ல மாட்டாங்க. நல்லா இருந்துச்சுடா.

... ஆமா. பொட்டி வந்தன்னைக்கும் நான் அழல. ஊரே பாத்துச்சு. பெத்தவனுக்கு ஒரு சொட்டு விடல, கல்லு மாதிரி நிக்கிறான்னு பேசுனாங்கல்ல. ... நீ பேசலடா, தெரியும்.

ஆனா இப்பப் பயமா இருக்கு. மூணு மாசத்துல இப்பத்தான் பயம்னு ஒண்ணு வருது. ... எங்கம்மாவுக்குத்தான். அந்த மாதிரி போஸ்டர அது ஒரு தடவ பாத்துருச்சு. அதே தாமரை, அதே வெளக்கு, அடியில அதே பேரு எல்லாம் இருக்கும், வருந்தும் மனைவின்னு இருந்த எடத்துல வருந்தும் தாயார்னு போட்டுருப்பாரு. பாத்துச்சுன்னா அந்த எடத்துலயே விழுந்துரும். என்னைய விட்டா அதுக்கு யாருடா இருக்கா? ... சீக்கிரம் கிழி மாப்ள. ஒன்னையக் கும்புட்டுக் கேக்குறேன்.

... உரியுதா? ... ம். ... மெதுவா வேணாம், வேகமா இழு. ... என்ன? ... ஏன் நிறுத்திட்ட? ... சேரா? ... கீழ என்ன? ... பழைய போஸ்டரா? ... யாரு... 

...

... அப்பாவா?

... ம். அதே எடத்துலதான் ஒட்டுவாங்க. ஆமா. ... எவ்வளவு தெரியுது? ... கண்ணாடி போட்ட படமா? ... ஆமா, அதான். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. ... இல்ல. இல்ல, அதக் கிழிக்காத. ... கிழிக்காதடா, விட்டுரு. ... தெரியல, விட்டுரு. மேல இருக்க என்னைய மட்டும் எடு. ... அதோட சேந்து வருதா? ... ஒட்டிக்கிச்சா? ... அப்ப இரு. இரு, யோசிக்கிறேன். ... இரு...

என்ன? ... ஆட்டோவா? ... அந்த ஆட்டோதானா, நல்லாப் பாத்தியா? ... சேரா, முன்னாடி போயி மறைச்சு நில்லு. மாலைய கீழ போடு. எம்மாலையக் கீழ போடுடா! ... அது எறங்குதா? ... கூடையத் தூக்குதா? ... பேசிக்கிட்டே அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போ. அங்கிட்டு கூட்டிட்டுப் போடா... சேரா... ஹலோ... யாரு கத்துறா? ... பாத்துருச்சா? ... பாத்துருச்சா சேரா? ... போன அதுகிட்ட குடு. குடு, குடு, காதுல வையி. வையிடா!

அம்மா... அம்மா, நான்தான். ... அம்மா. ... கேக்குதாம்மா? ... ஏதாச்சும் பேசும்மா. ... அது பொய்யிம்மா, நாடகத்துக்கு அடிச்சது, பிரஸ்ஸுக்காரரு தெரியாம ஒட்டிட்டாரு. எனக்கு ஒண்ணும் ஆகல. ... நல்லா இருக்கேன். ... நல்லா இருக்கேம்மா. ... சேரன் யாரையும் பேச வைக்கல, இது நானு, சந்தோசு. ... என் குரலு இப்படித்தான்மா இருக்கும். ...

... ஆமா. ... ஆமா, அன்னைக்கும் போன்லதான் சொன்னாங்க. அப்பா ஆஸ்பத்திரியில நல்லா இருக்காரு, நாளைக்குப் பேசுவாருன்னு அந்த மஸ்கட்டு சூப்பர்வைசர் சொன்னான். ஆமாம்மா. அவன் சொன்னது பொய்யி. ... நான் அவன் இல்லம்மா. ... அம்மா, நான் ஒம் மகன்மா.

... மூஞ்சியா? ... வீடியோவுல... இல்லம்மா, இப்ப வேணாம். மூஞ்சி பூராம் வெள்ளையா பூசிருக்காங்க, நெத்தியில காசு ஒட்டிருக்கு. அதப் பாத்தா நீ... இரு, கழுவிட்டு காட்டுறேன். வச்சுட்டு ஒடனே... சரி, வைக்கல. ... வைக்கல. ... வைக்கலம்மா, கத்தாத. லைன்லயேதான் இருக்கேன்.

நான் வாரேன். நேர்ல வாரேன். இப்பவே பொறப்படுறேன், பேசிக்கிட்டே வாரேன். ... ஆமா, இப்பவே.

சோபியா, இந்த கால் கட்ட அவுத்து விடு. கட்டவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டிருக்கு, நடக்க முடியல. ... அறுத்துரு, பரவால்ல. ... லியோ அண்ணே, நான் ஊருக்குப் போறேன். ... தெரியுதுண்ணே, மைக்குல கூப்புட்டாச்சு. ... பொணம்தானண்ணே, வேற யாரையாச்சும் படுக்கப் போடுங்க. ... நான்தான் நல்லா படுப்பேன், சரி. எங்கம்மா அங்க ரோட்டுல ஒக்காந்துருக்குண்ணே. ... வந்து அடி வாங்கிக்கிறேன். விடுங்க. ... விடுங்கண்ணே.

அம்மா, இருக்கேன். ... ஆமா, நடக்குறேன். கேட்டத் தாண்டுறேன். வாட்ச்மேன் என்னையப் பாத்துட்டு சிலுவ போட்டுக்கிறாரு. ... மூச்சு வாங்குது, ஓடுறேன், அதான். ... கேக்குதுல்ல? அந்தச் சத்தம் நாந்தான். ... அம்மா, ம்முன்னாவது சொல்லும்மா. ... பஸ் நிக்குது. ஏறுறேன். ... ஏறிட்டேன்.

அண்ணே, கீரமங்கலம் ஒண்ணு. ... நாடகம்ண்ணே. ... கிறுக்கெல்லாம் இல்லண்ணே, காலேஜு நாடகம். இந்தாங்க காசு. ... அண்ணே, ஒரு ஒதவி. லைன்ல எங்கம்மா இருக்கு. நான் செத்துட்டேன்னு ஊருல போஸ்டர் ஒட்டிட்டாங்க, சொன்னா நம்ப மாட்டேங்குது. ஒங்களத் தெரியாதுல்ல அதுக்கு, அதனால நீங்க சொன்னா நம்பும். ஒரு பையன் பஸ்ஸுல ஏறி டிக்கெட் கேக்குறான்னு மட்டும் சொல்லுங்கண்ணே. ... இதுலதான் பேசுங்க. ... இந்தாங்க.

...

...

குடுங்கண்ணே. ... ரொம்ப நன்றிண்ணே. ... சில்லற பொறவு வாங்கிக்கிறேன்.

அம்மா. ... கேட்டியா? ... என்ன சொன்னாரு? ... ஆமா, சட்ட பட்டன் மாத்தித்தான் போட்டுருக்கேன். ... ஆமா, மெலிஞ்சுதான் போயிட்டேன். அதையுமா சொன்னாரு? ... அழுவுறியா? ... அழு. ... இல்ல, சளி இல்லம்மா. எனக்கும் வருது. ... என்னான்னு தெரியல, நிக்க மாட்டேங்குது. ... பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க. பாக்கட்டும். ... அம்மா...

அம்மா, அப்பா செத்துப் போயிட்டாரும்மா.

... ஆமா. ... ஆமாம்மா. ... ம். ... ம். ... நீ இரு, நான் வந்துர்றேன். ... இப்ப வச்சுறவா? ... சரி. ... மொதல்ல பூவ எடை போட்டுரும்மா, வாடிரும். வச்சுர்றேன்.